பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள்களின் வடிவமைப்பும் நீட்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிட், மெர்குரியல், சப்வெர்ஷன் ஆகியவற்றைப் பயன்படுத்தக் கற்றுத்தரும் பக்கங்கள் ஏராளம். அவற்றின் மேல் சொந்தமாக ஒன்றைக் கட்ட நினைப்பவருக்கு எழும் கேள்விகள் வேறு. கமிட் (பதிவு செய்யப்படும் ஒரு மாற்றத் தொகுப்பு) உள்ளே வரும்போது ஒரு சரிபார்ப்பு வேண்டும், புதிதாக ஒரு கட்டளை வேண்டும், பெரிய கோப்புகளை வேறிடத்தில் வைக்க வேண்டும் என்று தொடங்குகிறவர் சீக்கிரமே அந்த மென்பொருளின் உள்ளமைப்பில் போய் முட்டிக்கொள்வார். அவருக்காக எழுதப்பட்டது இது.

எல்லாமே பழைய பதிப்புகளைச் சேமித்து வைப்பவைதானே? உள்ளே எப்படி இருந்தால் என்ன?

அன்றாடப் பயனருக்கு அதனால் பெரிய வேறுபாடு இல்லை. நீட்சி (கூடுதல் வசதி தரும் துணைநிரல்) எழுதுகிறவருக்கோ அதுதான் எல்லாம். ஒவ்வொரு மென்பொருளும் தன்னுள் ஏதோ ஒன்றைச் சுட்டி, ‘இதை நம்பிக் கட்டலாம்’ என்று வெளியாருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. கிட் கொடுத்த வாக்கு, வட்டில் தரவு எழுதப்படும் வடிவம். சப்வெர்ஷன் கொடுத்தது, சி மொழியில் ஒழுங்காக ஆவணப்படுத்தப்பட்ட செயற்கூறுகள். மெர்குரியலோ தன் பைத்தான் நிரல் முழுவதையும் திறந்து வைத்து, எங்கே வேண்டுமானாலும் கைவைக்க அனுமதித்தது. பின்னால் இவற்றுக்கு நேர்ந்தவற்றில் பெரும்பகுதியை இந்த வேறுபாட்டிலிருந்தே விளக்கிவிடலாம் என்பது என் கருத்து. கீழே வரும் பதில்கள் பலவும் அதையே வெவ்வேறு பக்கங்களிலிருந்து பார்க்கின்றன.

சேமிக்கும் முறையில் என்ன வேறுபாடு?

1980களில் வால்டர் டிக்கி உருவாக்கிய ஆர்.சி.எஸ்., ஒவ்வொரு கோப்புக்கும் தனி வரலாறு வைத்தது. கடைசிப் பதிப்பு முழுதாக இருக்கும். பழையவற்றுக்குப் பின்னோக்கிய வேறுபாடுகள் மட்டும் இருக்கும். அதன் தோளில் ஏறி வந்த சி.வி.எஸ்.ஸும் கோப்பு கோப்பாகவே சிந்தித்தது. பத்துக் கோப்புகளை ஒன்றாக மாற்றினாலும், அவை ஒரே மாற்றம் என்ற செய்தி எங்கும் பதிவாகாது. சப்வெர்ஷன் (1.0 பதிப்பு 2004இல் வந்தது) அந்தக் குறையைத் தீர்த்தது. அதில் களஞ்சியம் (கோப்புகளும் அவற்றின் வரலாறும் சேர்ந்த தொகுப்பு) முழுவதுக்கும் ஒரே வரிசை எண். ஒரு கமிட் முழுதாக உள்ளே போகும், இல்லையென்றால் போகவே போகாது.

கிட்டும் மெர்குரியலும் 2005 ஏப்ரலில், ஒரே காரணத்தால் பிறந்தவை. லினக்ஸ் கர்னல் பணிக்குப் பயன்பட்டுவந்த பிட்கீப்பர் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளின் இலவச உரிமம் நின்றுபோனதுதான் அந்தக் காரணம். பிறப்பு ஒன்று, வழி வேறு. லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கிட்டில் நான்கு வகைப் பொருள்கள்தான் உண்டு: கோப்பின் உள்ளடக்கம், கோப்புறைப் பட்டியல், கமிட், குறிச்சீட்டு. ஒவ்வொன்றுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட நீண்ட அடையாள எண்ணான ஹாஷ்தான் பெயர். மெர்குரியலில் ‘ரெவ்லாக்’ என்ற அமைப்பு இருக்கிறது. அது கடைசியில் மட்டும் சேர்த்துக்கொண்டே போகும் கோப்பு. வேறுபாடுகளின் சங்கிலி நீண்டுவிட்டால் நடுவில் ஒரு முழு நகல் வைக்கப்படும். கோப்புகள், கோப்புப் பட்டியல், கமிட் குறிப்புகள் மூன்றும் இதே அமைப்பில்தான் சேமிக்கப்படுகின்றன.

பலரும் கவனிக்கத் தவறும் நுட்பம் ஒன்று உண்டு. கிட்டில் ஒரே உள்ளடக்கம் எங்கிருந்தாலும் ஒரே பெயர்தான். மெர்குரியலில் ஒரு கோப்புப் பதிப்பின் ஹாஷைக் கணக்கிடும்போது அதன் பெற்றோர்ப் பதிப்புகளின் ஹாஷும் சேர்க்கப்படுகிறது. அதாவது ‘என்ன இருக்கிறது’ என்பதோடு ‘எங்கிருந்து வந்தது’ என்பதும் அடையாளத்தின் பகுதியாகிறது. கோப்பு வரலாற்றைத் தோண்டும் கருவி எழுதுகிறவருக்கு இது பெரிய வசதி.

கிட் ஒவ்வொரு கமிட்டிலும் முழு நிலையையும் வைக்கிறது என்றால் வட்டு நிரம்பிவிடாதா?

நிரம்பாது. மாறாத கோப்புக்குப் புதிய பொருள் உருவாவதில்லை. பழைய ஹாஷே மீண்டும் சுட்டப்படுகிறது. பிறகு பொருள்கள் பொதிக்கோப்பாகச் சேர்க்கப்படும்போது, ஒத்த உள்ளடக்கங்களுக்கு இடையே வேறுபாடுகள் மட்டும் வைக்கப்படுகின்றன. இந்தச் சுருக்கம் முழுக்கச் சேமிப்பு அடுக்கின் சொந்த விவகாரம். மேலே இருக்கும் கட்டளைகளுக்கு எப்போதும் முழு உள்ளடக்கமே தெரியும்.

கோப்பின் பெயரை மாற்றினால் எது சரியாக நினைவில் வைக்கிறது?

மெர்குரியலும் சப்வெர்ஷனும் பெயர்மாற்றத்தைப் பதிவு செய்கின்றன. கிட் பதிவு செய்வதில்லை. கேட்கும்போது இரண்டு நிலைகளையும் ஒப்பிட்டு, உள்ளடக்கம் பாதிக்கு மேல் ஒத்திருந்தால் ‘இது பெயர்மாற்றமாக இருக்கலாம்’ என்று ஊகிக்கிறது. இது மறதியால் விடுபட்ட ஒன்றன்று, தெரிந்தே எடுத்த முடிவு. ஊகிக்கும் முறையைப் பின்னாளில் மேம்படுத்தினால், பத்தாண்டு பழைய வரலாற்றுக்கும் அந்த மேம்பாடு கிடைக்கும். பதிவு செய்யும் முறையிலோ, அன்று நிரலாளர் சொல்ல மறந்த பெயர்மாற்றம் மறந்ததுதான்.

ஆனால் ஒரு கோப்பின் பெயரை மாற்றி, அதே கமிட்டில் உள்ளடக்கத்தையும் பெரிதாகத் திருத்தினால் கிட்டின் ஊகம் தவறும். பெயர்மாற்றத்தை ஒரு கமிட்டாகவும் திருத்தத்தை அடுத்த கமிட்டாகவும் பிரிக்கும் பழக்கம் இதனால்தான் வந்தது. ஒரு மென்பொருளின் வடிவமைப்பு மனிதர்களின் வேலைமுறையையே வளைப்பதற்கு இது நல்ல சான்று.

கிட்டுக்கு நீட்சி எழுதுவது எப்படி?

உங்களுக்கு வேண்டியது என்ன என்பதைப் பொறுத்து வாசல் மாறும். எல்லா வாசல்களும் வெளிப்புறத்தில்தான் இருக்கின்றன. கணினி நிரல்களைத் தேடும் பாதையில் ‘கிட்’, ஒரு சிறுகோடு, அதன்பின் நீங்கள் விரும்பும் சொல் என்று பெயரிட்ட எந்த நிரலை வைத்தாலும் அந்தச் சொல் கிட்டின் கட்டளையாகிவிடும். எந்த மொழியில் எழுதியது என்று கிட் கேட்காது. கமிட், புஷ் (கமிட்டுகளைச் சர்வருக்கு அனுப்புதல்) போன்ற தருணங்களில் தானாக ஓட ஹூக்குகள் என்ற நிரல்கள் இருக்கின்றன. கோப்பு களஞ்சியத்துக்குள் போகும்போதும் வெளியே வரும்போதும் மாற்றியமைக்க வடிகட்டிகள், குறிப்பிட்ட வகைக் கோப்புகளை இணைப்பதற்குத் தனி நிரல்கள், புதுவகைச் சர்வரோடு பேசத் துணைநிரல்கள், கடவுச்சொல்லைத் தேடித்தர வேறு துணைநிரல்கள் என்று பட்டியல் நீள்கிறது. கிட் இவை ஒவ்வொன்றையும் தனி நிரலாக ஓட்டி, உரைவழியே பேசுகிறது.

இந்த வாசல்களை வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு, பெரிய கோப்புகளுக்கான கிட் எல்.எஃப்.எஸ். நல்ல எடுத்துக்காட்டு. நீங்கள் நூறு மெகாபைட் படம் ஒன்றைச் சேர்க்கிறீர்கள். வடிகட்டி அதைப் பிடித்து, அதன் ஹாஷும் அளவும் எழுதிய மூன்றே வரி உரையைக் களஞ்சியத்துக்குள் அனுப்புகிறது. உண்மைப் படம் வேறொரு கிடங்குக்கு, புஷ் செய்யும் நேரத்து ஹூக் வழியாகப் போகிறது. கிட்டின் மையத்தில் ஒரு வரி கூட மாறவில்லை. அழகான தீர்வு இது. இதற்குரிய விலையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: அந்தக் கருவி நிறுவப்படாத கணினியில் களஞ்சியத்தைக் குளோன் செய்தவருக்கு (நகலெடுத்தவருக்கு) படம் கிடைக்காது, மூன்று வரி உரைதான் கிடைக்கும். முதல் முறை பார்ப்பவர் கோப்பு பழுதாகிவிட்டதென்றே நினைப்பார். மேலும், ஒவ்வொரு கோப்புக்கும் வடிகட்டி நிரலைப் புதிதாக எழுப்புவது தாங்க முடியாத அளவுக்கு மெதுவாக இருந்தது. 2016இல் வந்த 2.11 பதிப்பில், ஒருமுறை எழுப்பிய நிரலோடு தொடர்ந்து பேசும் வசதி சேர்க்கப்பட்ட பிறகே அது சீரானது. வெளியிலிருந்து நீட்டிப்பதன் எல்லை எங்கே வருகிறது என்பதை இந்த ஒரு கதை முழுதாகக் காட்டிவிடுகிறது.

மெர்குரியலில் எப்படி?

ஒரு பைத்தான் கோப்பு எழுதி, அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும். அந்தக் கோப்பு மெர்குரியலின் சொந்த நிரலோடு ஒரே செயலாக ஓடும். ஏற்கெனவே உள்ள கட்டளையைச் சுற்றி உங்கள் செயற்கூறைப் போர்த்தலாம். உள்ளே இருக்கும் எந்தச் செயற்கூறையும் மாற்றி வைக்கலாம். களஞ்சியப் பொருள் உருவாகும் கணத்தில் அதன் வகுப்பையே உங்கள் வகுப்பாக மாற்றிவிடலாம். இதை முதலில் படித்தபோது எனக்கு வியப்பும் அச்சமும் ஒன்றாக வந்தன. மெர்குரியலின் சொந்த அம்சங்களில் பலவும், கமிட்டுகளை இடம்மாற்றுதல், வரலாற்றைத் திருத்துதல் உட்பட, இப்படிப்பட்ட நீட்சிகளாகவே கூடவே வருகின்றன. வேண்டியவர் இயக்கிக்கொள்ளலாம். தொடக்கநிலைப் பயனர் கையில் கத்தியைக் கொடுக்காமல் இருப்பதற்கு இது நேர்மையான வழி.

வாக்கு என்று முதலில் சொன்னேனே, அது இங்கேதான் கடிக்கிறது. மெர்குரியல் தன் கட்டளைகளின் நடத்தையையும் வெளியீட்டையும் ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் காக்கிறது. உள் நிரலுக்கு அப்படி எந்த உறுதியும் தருவதில்லை. அதனால் ஒவ்வொரு நீட்சியும் எந்தெந்தப் பதிப்புகளோடு சோதிக்கப்பட்டது என்று அறிவித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பராமரிப்பவர் ஓய்ந்துவிட்டால், ஒருசில பதிப்புகளுக்குப் பிறகு நீட்சியும் ஓய்ந்துவிடும். பைத்தான் 2இலிருந்து 3க்கு மாறிய காலம் இதை இன்னும் கடினமாக்கியது. மெர்குரியல் கோப்புப் பெயர்களையும் உள்ளடக்கத்தையும் வெறும் பைட்டுகளாகக் கையாள்வது. பைத்தான் 3 எல்லாவற்றையும் யூனிகோட் சரமாகப் பார்க்க விரும்புவது. இரண்டையும் இணங்க வைக்கப் பல ஆண்டு உழைப்பு தேவைப்பட்டது, நீட்சிகளும் அதே ஆற்றை நீந்திக் கடக்க வேண்டியிருந்தது.

உள்ளே கைவைக்காமல் இருக்க விரும்புவோருக்காக ‘கட்டளைச் சேவையகம்’ என்ற வசதி இருக்கிறது. மெர்குரியலை ஒருமுறை எழுப்பி வைத்துவிட்டு, வெளியிலிருந்து குழாய் வழியாகக் கட்டளைகளை அனுப்பலாம். உங்கள் கருவி நீண்ட காலம் உயிரோடு இருக்க வேண்டுமென்றால் இதையே பரிந்துரைப்பேன்.

அப்படியானால் எந்த வடிவமைப்பு மேலானது?

நிரலின் நேர்த்தியைப் பார்த்தால் மெர்குரியல். பரவும் வல்லமையைப் பார்த்தால் கிட். கிட்டின் தொடக்க கால நிரல் சி மொழியும் ஷெல்லும் பெர்லும் கலந்த ஒட்டுவேலை. அதைத் தனி நிரலகமாக எடுத்துப் பயன்படுத்தவே முடியாது. அந்தக் குறையே நன்மையாகவும் முடிந்தது. உள்ளே நுழைய வழியில்லாததால், மற்றவர்கள் வடிவத்தைப் படித்துப் புதிதாக எழுதினார்கள். ஜாவாவில் ஜேகிட், சி மொழியில் லிப்கிட்2, பைத்தானில் டல்விச், ரஸ்ட்டில் கிட்டாக்சைடு என்று ஒரே களஞ்சியத்தை வாசிக்கும் தனித்தனி நிரல்கள் வந்தன. நான்கு வகைப் பொருள்கள், ஒரு ஹாஷ், சில சுட்டிகள் என்று வடிவம் எளிமையாக இருந்ததால் இது முடிந்தது. அசல் நிரலைத் தொடாமலே ஒரு சூழல் முழுவதும் வளர்ந்தது.

மெர்குரியலில் உள்ளே போகும் வழி அவ்வளவு வசதியாக இருந்ததால், மீண்டும் எழுதும் தேவை யாருக்கும் பெரிதாக எழவில்லை. எல்லாரும் ஒரே நிரலைச் சார்ந்தார்கள். களஞ்சியங்களை இணையத்தில் வைத்துத்தரும் பிட்பக்கெட், 2020இல் மெர்குரியல் ஆதரவை நிறுத்தியது. நெடுங்காலம் மெர்குரியலில் இருந்த மோசில்லா, ஃபயர்பாக்ஸை கிட்டுக்கு மாற்றப்போவதாக 2023இல் அறிவித்தது. கிட் வென்றதற்கு, கிட் களஞ்சியங்களை அதேபோல் வைத்துத்தரும் கிட்ஹப்பின் ஈர்ப்பும் பெரிய காரணம். ஆனால் பிற நிரல்கள் எளிதாக வாசிக்கத்தக்க வடிவம் இல்லாமல், அப்படிப்பட்ட சேவைகள் அவ்வளவு விரைவில் முளைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

பெரிய நிறுவனங்கள் எதை எப்படி நீட்டித்தன?

இரு வடிவமைப்புகளையும் அருகருகே வைத்துச் சோதித்ததுபோல் இரண்டு நிகழ்வுகள் உண்டு. ஃபேஸ்புக் தன் மாபெரும் களஞ்சியம் மெதுவாகிக்கொண்டே போனபோது, கிட்டின் உள்நிரலை மாற்றுவது கடினம் என்று கண்டு மெர்குரியலைத் தேர்ந்தெடுத்தது. அதை 2014இல் பொதுவெளியில் விளக்கியது. கோப்பு வரலாற்றைத் தேவைப்படும்போது மட்டும் சர்வரிலிருந்து இழுக்கும் முறையை அவர்கள் ஒரு நீட்சியாகவே எழுதினார்கள். சேமிப்பு அடுக்கையே நீட்சியால் மாற்றிவிட முடிந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். காலப்போக்கில் மாற்றங்கள் கூடிக்கூடி, அது மூலத்திலிருந்து பிரிந்து வேறொரு மென்பொருளாகவே ஆனது. 2022 நவம்பரில் ‘சாப்லிங்’ என்ற பெயரில் அது வெளியானது.

மைக்ரோசாஃப்ட் கிட்டில் இருந்தே தீர்வு தேடியது. விண்டோஸ் களஞ்சியம் ஏறக்குறைய 300 ஜிகாபைட், சுமார் 35 லட்சம் கோப்புகள். உள்ளே நுழைய வாசல் இல்லாததால் கிட்டுக்குக் கீழே போனார்கள். இயங்குதளத்தின் கோப்பு முறையையே மெய்நிகராக்கி, திறக்கும் கோப்பை மட்டும் தரவிறக்கும் அமைப்பை 2017இல் அறிவித்தார்கள். பிறகு மெல்ல மெல்ல வழி மாறினார்கள். கமிட் வரைபடக் கோப்பு, தேவையான கோப்புறைகளை மட்டும் எடுக்கும் வசதி போன்றவற்றை கிட்டின் மையத்துக்கே பங்களித்தார்கள். அவற்றையெல்லாம் ஒன்றாக இயக்கித்தரும் ‘ஸ்கேலார்’ 2022இல் கிட்டின் 2.38 பதிப்போடு சேர்ந்துவிட்டது. நீட்சி எழுத இடம் கொடுத்த மென்பொருளிலிருந்து ஒரு கிளை பிரிந்து போனது; இடம் கொடுக்காததோ வந்த உழைப்பை மையத்துக்கே இழுத்துக்கொண்டது.

ஹூக்குகள் ஏன் குளோனோடு வருவதில்லை?

பாதுகாப்புக்காக. வந்தால், அறியாத ஒருவரின் களஞ்சியத்தைக் குளோன் செய்வதே அவருடைய நிரலை உங்கள் கணினியில் ஓட்டுவதாகிவிடும். இந்தத் தடுப்பைச் சுற்றிவர வழி கண்டுபிடித்த பாதுகாப்புக் குறைகள் உண்மையிலேயே வந்திருக்கின்றன. 2014இல் கண்டறியப்பட்ட ஒன்று, பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடு பார்க்காத கோப்பு முறைகளில், கிட்டின் சொந்தக் கோப்புறையையே களஞ்சியத்தின் கோப்புகளால் மேலெழுத வழிவிட்டது. அதற்கான திருத்தம் மெர்குரியலுக்கும் தேவைப்பட்டது.

குழு முழுவதும் ஒரே சரிபார்ப்பைப் பகிர வேண்டுமென்றால், நிரலைக் களஞ்சியத்திலேயே வைத்து, ஹூக் பாதையை அங்கே திருப்பும்படி ஒவ்வொருவரையும் ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம். ஆனாலும் அது உதவிதான், காவல் அல்ல. தனது கணினியில் ஓடும் ஹூக்கை ஒரே ஒரு தெரிவால் எவரும் தாண்டிவிடலாம். கட்டாய விதி சர்வரில்தான் இருக்க வேண்டும்.

சப்வெர்ஷனைப் பற்றி இனியும் அறிந்துகொள்ள வேண்டுமா?

வேண்டும். கோப்பைப் பூட்டும் வசதி, கோப்புறை வாரியாக யார் படிக்கலாம் என்று கட்டுப்படுத்துவது ஆகிய இரண்டும் அதன் மைய அமைப்பில் இயல்பாகப் பொருந்துகின்றன. கிட்டில் அவற்றைத் திணிக்க வேண்டியிருக்கும். ஹூக்குகள் எல்லாம் சர்வரில் இருப்பதால் விதி எல்லாருக்கும் பொருந்தும்.

புதிதாக எழுதுவோர் இரண்டு இடங்களில் இடறுவார்கள். சப்வெர்ஷன் ஹூக்குகள், நிரல்களைத் தேடும் பாதை போன்ற சூழல் மாறிகள் ஏதுமின்றி வெறுமையாக ஓடும். நிரல்களின் முழுப் பாதையைக் கொடுக்க வேண்டும். இன்னொன்று, கமிட்டுக்கு முந்தைய ஹூக்கில் வரும் மாற்றத்தை மறுக்கலாம், திருத்தக் கூடாது. திருத்தினால், பயனரின் கணினி தான் அனுப்பியதே உள்ளே போனதாக நம்பிக்கொண்டு பழைய உள்ளடக்கத்தோடு இருந்துவிடும்.

ஹாஷ் அடையாளத்தை நம்பலாமா?

2017 பிப்ரவரியில், கிட் பயன்படுத்தும் எஸ்.எச்.ஏ.-1 என்ற முறையில் ஒரே ஹாஷ் வரும் இரண்டு வெவ்வேறு பி.டி.எஃப். கோப்புகள் வெளியிடப்பட்டன. முதலில் அடிபட்டது கிட் அல்ல என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். வெப்கிட் திட்டத்தின் சப்வெர்ஷன் களஞ்சியத்தில் அந்த இரண்டையும் சேர்த்தபோது அது குழம்பிப்போனது. ஒத்த உள்ளடக்கத்தை ஒருமுறை மட்டும் சேமிக்க சப்வெர்ஷனும் அதே ஹாஷைப் பயன்படுத்தியதே காரணம். கிட், உள்ளடக்கத்துக்கு முன் வகையையும் அளவையும் சேர்த்து ஹாஷ் கணக்கிடுவதால் அந்தக் குறிப்பிட்ட இணை அதில் மோதவில்லை. அதே ஆண்டில் கிட், மோதல் முயற்சியைக் கண்டறியும் கணக்கீட்டுக்கு மாறியது. எஸ்.எச்.ஏ.-256 என்ற வேறு ஹாஷ் முறையைப் பயன்படுத்தும் களஞ்சியங்கள் 2020இல் சோதனை முயற்சியாக வந்தன. வடிவத்தையே வாக்காகக் கொடுத்ததன் மறுபக்கம் இது: ஹாஷை மாற்றுவது என்றால், அந்த வடிவத்தை நம்பிய எல்லா நிரல்களும் மாற வேண்டும்.

வேறு வழியில் சிந்தித்தவர்கள் உண்டா?

டார்க்ஸ், நிலைகளை விட்டுவிட்டு மாற்றங்களையே அடிப்படையாக எடுத்துக்கொண்டது. இரண்டு மாற்றங்கள் ஒன்றையொன்று சாராவிட்டால் வரிசையை மாற்றலாம் என்ற கணித எண்ணம் அதன் உயிர். சில முரண்பாடுகளில் இணைப்பின் நேரம் கட்டுக்கடங்காமல் பெருகியது அதன் சாபம். பிஜுல் அந்த எண்ணத்தைப் புதிய கணித அடித்தளத்தில் மீட்டெடுக்க முயல்கிறது. ஃபாசில், வரலாறு, பிழைப் பதிவு, விக்கி அனைத்தையும் ஒரே எஸ்.கியூ.லைட் கோப்பில் வைக்கிறது.

எனக்கு இப்போது மிகவும் பிடித்தது ஜுஜுட்சு. அது கமிட்டுகளை கிட் வடிவத்திலேயே எழுதுகிறது, மேலே உள்ள வேலைமுறையை முழுதாக மாற்றுகிறது. முரண்பாட்டை கமிட்டுக்குள்ளேயே சேமித்து, பிறகு தீர்க்கலாம். எந்தச் செயலையும் பின்வாங்கச் செயற்பதிவு இருக்கிறது. கமிட்டுகளைத் தேர்ந்தெடுக்கும் அதன் வினவல் மொழி மெர்குரியலிடமிருந்து வந்தது. மெர்குரியலின் நல்ல எண்ணங்கள் கிட்டின் வடிவத்தின் மேல் மறுவாழ்வு பெறுவதைப் பார்க்க மனம் நிறைகிறது.

என் நீட்சி இல்லாமல் களஞ்சியத்தைத் திறந்தால் தரவு கெட்டுப்போகுமே, எப்படித் தடுப்பது?

மெர்குரியல், கிட் இரண்டுமே இதற்கு வழி வைத்திருக்கின்றன. மெர்குரியல் களஞ்சியத்துக்குள் ‘தேவைகள்’ கோப்பு ஒன்று உண்டு; அதில் தனக்குத் தெரியாத பெயர் இருந்தால் மெர்குரியல் திறக்க மறுக்கும். உங்கள் நீட்சியும் அதில் தன் பெயரைச் சேர்க்கலாம். கிட்டிலும், வடிவ எண் ஒன்று என்று குறித்த களஞ்சியத்தில் அறியாத நீட்சிப் பெயர் இருந்தால் அது நின்றுவிடும். ஆனால் அந்தப் பெயர்கள் கிட்டுக்கு உள்ளிருந்தே வர வேண்டும்; வெளியார் சேர்க்க இடமில்லை.

நான் எங்கே தொடங்கலாம்?

கிட் சர்வரில், புஷ்ஷை ஏற்பதற்கு முன் ஓடும் ஹூக்கில் தொடங்குங்கள். ஒவ்வொரு வரியிலும் பழைய ஹாஷ், புதிய ஹாஷ், கிளையின் (களஞ்சியத்துக்குள் தனியாக வளரும் கமிட் வரிசையின்) முழுப்பெயர் ஆகிய மூன்றும் உள்ளீடாக வரும். பூச்சியம் தவிர வேறு எண்ணோடு நிரல் முடிந்தால் புஷ் மறுக்கப்படும். வந்த பொருள்கள் அதுவரை தனியாகவே வைக்கப்பட்டிருப்பதால் களஞ்சியத்தில் குப்பை சேராது. புதிய கிளை உருவாகும்போது பழைய ஹாஷ் முழுக்கப் பூச்சியங்களாக வரும், கிளை நீக்கப்படும்போது புதிய ஹாஷ் அப்படி வரும். இந்த இரண்டையும் முதலிலேயே தனியாகக் கையாளுங்கள், ஏனென்றால் ‘பழையதிலிருந்து புதியது வரை’ என்று பட்டியல் கேட்கும் நிரல் முதல் புதிய கிளையிலேயே விழுந்துவிடும்.